தை மாதத்து அட்மிரால்

ஜேர்மனியில் தை மாதத்தில் வண்ணத்துப்பூச்சி பறக்காது என்று என்னிடம் யாரும் சொல்ல வரவேண்டாம். நான் கண்டவள். என் இரண்டு கண்ணாலும் கண்டவள். அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கட்டும், எனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பிறந்த குளிர்காலம் அது. குளிர்காலம் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. ஹம் நகரத்தில் சனங்கள் கோட்டைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். என் கணவர் தொழிற்சாலைக்குக் கையுறை இல்லாமல் சைக்கிளில் போனார். நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிய புதுச் சப்பாத்து, உள்ளே கம்பளி வைத்தது, போடுவதற்கு ஒரு நாள் வாய்க்காமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. எனக்கு அதில் ஒரே எரிச்சல்.

அப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது, கட்டில் விரிப்பது. தாதி என்று சொல்லிக்கொள்ள என்னிடம் படிப்பும் இல்லை, கடதாசியும் இல்லை. வாய் மட்டும் இருந்தது. அது மன்னாரிலிருந்து வரும்போது கூடவே வந்தது, இன்னும் போகவில்லை.

கீழ்மாடியின் கடைசி அறையில் ஒரு கிழவி இருந்தார். கிழவி என்றுதான் சொல்வேன். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. என் வாயில் அது செல்லப் பெயர். அந்த இல்லத்திலேயே முற்றத்துக்கு நேரே போகக் கண்ணாடிக் கதவு வைத்த அறை அது ஒன்றுதான். பாரிசவாதம் வந்து அவருடைய வலது கையும் பேச்சும் போய்விட்டன. பேச்சு முழுதாகப் போகவில்லை. சில சொற்கள் தப்பி நின்றன. கோப்பி, கால், குளிர், போ, பிறகு இரண்டு மூன்று கெட்ட வார்த்தைகள். கெட்ட வார்த்தைகள் மட்டும் எப்படித்தான் அவ்வளவு தெளிவாக வந்தனவோ, கேட்டால் காது கூசும். எல்லாவற்றிலும் மோசம் என்னவென்றால், அவருடைய ‘ஓம்’மும் ‘இல்லை’யும் குழம்பிக் கிடந்தன. தேத்தண்ணி வேண்டுமா என்றால் ‘யா’, அதாவது ‘ஓம்’, என்பார், கொடுத்தால் தட்டிவிடுவார். எதைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது அந்த ‘யா’ தான்.

மற்றவர்களுக்கு அவரோடு கதைக்கப் பொறுமை இல்லை. எனக்கு அவரோடுதான் ஒத்துப்போனது. ஏனென்றால் எனக்கும் டொச், அதுதான் ஜேர்மன் மொழி, வராது. தமிழில் கதைப்பதுபோல வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய்ப் போடுவேன். அரைவாசி நேரம் அது தற்செயலாகச் சரியாகவும் வந்துவிடும். சொல் கிடைக்காமல் இரண்டு பேரும் கையைக் காட்டி, முகத்தைக் காட்டி, ஒருவரையொருவர் ஏசி, எப்படியோ விளங்கிக்கொள்வோம். அந்த இல்லத்தில் நான் பேசும்போது ‘என்ன? என்ன?’ என்று இரண்டு தரம் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

ஒரு காலை நான் அவருக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நின்றேன். வெளியே நல்ல வெயில். கிழவி திடீரென்று என் கையைப் பிடித்தார். இடது கை, நல்ல பிடி. முற்றத்தைப் பார்த்தபடி ஒரு சொல் சொன்னார்.

“அட்மிரால்.”

எனக்கு உடம்பு விறைத்துப்போனது. சிரிக்க நினைப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மன்னார்க் கரையில் பிறந்தவளுக்கு அட்மிரல் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். நேவி. இராமேஸ்வரத்துக்குப் படகில் போனபோது, தூரத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டு, எல்லோரும் படகின் அடியில் ஒருவர்மேல் ஒருவராகக் குப்புறப் படுத்துக் கிடந்திருக்கிறோம். நான் சீப்பைக் கையில் பிடித்தபடி கண்ணாடிக் கதவால் எட்டிப் பார்த்தேன். எதிரே செங்கல் சுவர், அதில் படர்ந்த பச்சைக் கொடி, ஆட்கள் இருக்க ஒரு வாங்கு, குப்பைத் தொட்டி. மனிதர் யாரும் இல்லை.

குசினியில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வேலை செய்தா. ஓடிப்போய் அவவிடம்தான் சொன்னேன்.

“அக்கா, கடைசி அறைக் கிழவி முத்தத்திலை அட்மிரல் நிக்கிறார் எண்டு சொல்லுறா.”

“ஆர்? நேவிக்காரனோ? இஞ்சையோ?”

“ஓம் அக்கா. கையைப் பிடிச்சுக் காட்டுறா.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. “எடியே, உனக்கென்ன விசரே? இந்த ஊரிலை கடலே இல்லை. ஒரு கால்வாய்தான் கிடக்கு. அதுக்குள்ளாலை அட்மிரல் எப்பிடியடி வாறது, தாராவிலை ஏறியோ?”

நானும் சிரித்தேன். அன்றைக்கு அதோடு போயிற்று.

ஆனால் கிழவி விடவில்லை. வெயில் எறித்த நாளெல்லாம் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு முற்றத்துக்குப் போய்விடுவார். கோட்டும் இல்லை, தொப்பியும் இல்லை. யாராவது போய்க் கூட்டிவந்தால் ஏச்சுத்தான் விழும். ஏச்சுக்கு நடுவில் அந்தச் சொல். அட்மிரால், அட்மிரால். பெரிய ஷ்வெஸ்டர், அதுதான் எங்கள் தலைமைத் தாதி, கிழவியின் மகளுக்குத் தொலைபேசி எடுத்தா. மகள் பக்கத்து ஊரிலிருந்து ரெயிலில் வந்தார். கதையைக் கேட்டதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

“அப்பா சண்டைக் காலத்தில் கடற்படையில் இருந்தவர்,” என்றார். “அம்மா அப்பாவைக் காண்கிறார்.”

அதோடு எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. செத்துப்போன மனிதர் முற்றத்தில் நிற்கிறார், கிழவி அவரைப் பார்க்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறார். என்ன வடிவான கதை! ஒருவராலும் அதில் பிழை சொல்ல ஏலாது. நான்கூட நம்பினேன். எனக்கு என்னுடைய நேவி போல அவர்களுக்கு அவர்களுடைய நேவி.

பெரிய ஷ்வெஸ்டர் கெட்டவ இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கிழவி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியவ அவதான். அதனால் கிழவியை மேல்மாடிக்கு மாற்றலாம் என்றா. மேல்மாடி என்றால் எங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். நினைவு முழுதாகத் தவறியவர்கள் இருக்கும் இடம். கதவுக்குப் பக்கத்தில் எண் அழுத்தும் பெட்டி. எண் தெரிந்தவர்கள்தான் வெளியே வரலாம். யன்னல் பாதிதான் திறக்கும். அங்கே ஏறினவர் எவரும் தன் காலால் இறங்கி வந்ததை நான் காணவில்லை. வைத்தியர் வந்து பார்க்க ஒரு டெர்மின், அதாவது ஒரு நாள், குறித்தார்கள். அவர் வந்து பார்த்துச் சொன்னால், மகள் ஓம் என்றால், மற்றக் காரியமெல்லாம் தன்பாட்டில் நடக்கும்.

டெர்மினுக்கு முந்திய கிழமை, ஒரு மத்தியானம், கிழவி மறுபடி வெளியே போய்விட்டார். கூட்டிவர என்னை அனுப்பினார்கள். அவர் சுவருக்கு முன்னால் நடைவண்டியைப் பிடித்தபடி நின்றார். வெயில் செங்கல்லில் சூடாக விழுந்துகொண்டிருந்தது. நான் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுச் சுவரைக் காட்டினார்.

வண்ணத்துப்பூச்சி!

கொடிக்குப் பக்கத்தில், செங்கல்லின்மேல், இரண்டு சிறகையும் விரித்து வெயில் காய்ந்துகொண்டு இருந்தது. கறுப்புச் சிறகு. நடுவில் நெருப்புச் சிவப்பில் ஒரு பட்டை. நுனியில் வெள்ளைப் புள்ளிகள். தை மாதம்! ஐயோ கடவுளே, நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அது ஒருமுறை சிறகை மூடித் திறந்தது.

“அட்மிரால்,” என்றார் கிழவி. முட்டாளுக்குச் சொல்வதுபோல மெதுவாக, பெருமையாக.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. டொச்சில் அந்தப் பூச்சியின் பெயரே அதுதான். நேவியும் இல்லை, செத்த புருஷனும் இல்லை, பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கிழவிக்குச் சொற்களெல்லாம் போனபிறகும் அந்தப் பூச்சியின் பெயர் சரியாக நின்றிருக்கிறது. அதைச் சரியாகச் சொன்னதற்குத்தான் அவரை மேல்மாடியில் பூட்டப்போகிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் நான் ஓடத் தொடங்கிவிடுவேன். கிழவியை வாங்கில் இருத்தி, என் மேல்சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டுவிட்டு, உள்ளே ஓடினேன்.

பெரிய ஷ்வெஸ்டர் தொலைபேசியில் இருந்தா. நான் முன்னால் போய் நின்று மூச்சிரைக்கச் சொன்னேன். அட்மிரால், வண்ணத்துப்பூச்சி, சுவரில், நான் கண்டேன், இப்போது வாருங்கள். வினைச்சொல் எங்கே விழுந்ததோ தெரியாது. அவ தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. ஓம், அப்படி ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு, தனக்கும் தெரியும் என்றா. ஆனால் அது கோடையில் வருவது, தையில் இல்லை என்றா. காய்ந்த இலையாக இருக்கும் என்றா. நான் அவவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக முற்றத்துக்குக் கூட்டிவந்தேன். அதற்குள் ஒரு மேகம் வந்துவிட்டது. சுவரில் ஒன்றும் இல்லை. கொடியின் கீழே, எனக்கென்றே வைத்ததுபோல, ஒரு காய்ந்த சிவப்பு இலை கிடந்தது.

அவ குனிந்து அந்த இலையை எடுத்து என்னிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் தோளைத் தட்டி, “உங்களுக்கு நல்ல மனம்,” என்றா.

நல்ல மனமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்கிறாய் என்று சொன்னால் பதிலுக்குச் சண்டை பிடிக்கலாம். நல்ல மனம் என்று சொன்னால் என்ன செய்வது? இந்த நாட்டில் எத்தனையோ அகதி விசாரணை மேசைகளுக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டிக் கேட்பார்கள், இரக்கமாகப் பார்ப்பார்கள், பிறகு நம்பமாட்டார்கள். அந்தத் தலையாட்டல் எனக்கு அத்துப்படி. அதனால்தான் அன்றைக்கு மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: இந்த ஒன்றை நான் விடுவதாக இல்லை.

குசினி அக்காவுக்குப் பயம். “வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு பிள்ளை. உன்ரை வேலைக்கு உலை வைக்காதை. உனக்கு அவ ஆர்? மாமியோ மச்சாளோ?”

“ஏலாது அக்கா. அவ சரியாத்தான் சொன்னவ.”

“அப்ப அதைப் பிடிச்சு ஒரு போத்தலுக்கை போட்டுக் காட்டியிருக்கலாமே.”

“வெயில் காய வந்ததைப் போத்தலுக்கை அடைச்சுக் காட்டியோ, கிழவியை அடைக்காதேங்கோ எண்டு கேக்கிறது?”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா. “உன்னோடை கதைச்சு வெல்ல ஏலாது,” என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை உரிக்கத் தொடங்கினா. கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே, “என்ன நிறமடி?” என்று கேட்டா. சொன்னேன். பிறகு அவவும் குப்பை கொட்டப் போகும் சாட்டில் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவா. அவவுக்குத் தெரியாமல் யன்னலால் பார்த்தேன்.

அதன்பிறகு வானம் எனக்கு எதிராகத் திரும்பியது. இரண்டு மாதம் வராத குளிர் அந்தக் கிழமைதான் வந்து சேர வேண்டுமா? முதலில் மழை, பிறகு காற்று, பிறகு காலையில் கார்க் கண்ணாடியெல்லாம் வெள்ளை. என் இடைவேளைகளை எல்லாம் முற்றத்து வாங்கில் கழித்தேன். மூக்கு ஒழுக, கை விறைக்க, ஒரு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தாதிகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கம்பளிச் சப்பாத்துக்கு ஒருவழியாக வேலை வந்தது.

டெர்மின் நாள் காலை நல்ல உறைபனி. வைத்தியர் வந்தார். மெலிந்த, நரைத்த மனிதர், கழுத்தில் சால்வை. மகள் தாயின் கட்டிலில் இருந்தார், பெரிய ஷ்வெஸ்டர் கதவடியில் நின்றா. கிழவியைக் குளிப்பாட்டி, நீலச் சட்டை போட்டு, தலை இழுத்து, யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்தியது நான். என் வேலை முடிந்தது, போகலாம் என்று பெரிய ஷ்வெஸ்டர் கண்ணைக் காட்டினா. நான் கோப்பிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, கிழவி இன்னும் குடித்து முடிக்கவில்லை என்றேன். கோப்பை வெறுமையாகத்தான் இருந்தது. அசையவில்லை நான்.

மகள் அப்பாவைப் பற்றிச் சொன்னார். கடற்படை, சண்டை, அம்மா அவரை எவ்வளவு நேசித்தார் என்பது. சொல்லும்போதே அழுதுவிட்டார். வைத்தியர் தலையை ஆட்டினார். எனக்குத் தெரிந்த அதே தலையாட்டல். அதற்குமேல் என்னால் ஏலவில்லை.

“மன்னிக்க வேண்டும், அது அவருடைய புருஷன் இல்லை,” என்றேன். “அது ஒரு பூச்சி. நான் கண்டேன். நான் டொச் பிழையாகப் பேசுவேன், ஆனால் கண் பிழை இல்லை.”

பெரிய ஷ்வெஸ்டர் சிவந்துபோனா. வைத்தியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கே கண்டேன், எப்போது, வெயில் இருந்ததா, எப்படி உட்கார்ந்திருந்தது என்று கேட்டார். சொன்னேன். சிறகை விரித்துக் காட்ட, கோப்பையோடு இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துக் கிழவிக்கு முன்னால் இருந்து, முற்றத்தைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

“அட்மிரால் இப்போது அங்கே இருக்கிறதா?”

எனக்கு உயிர் போய்விட்டது. ஏனென்றால் கிழவி எதற்கும் சொல்வது ‘யா’ தானே! இப்போது ஒரு ‘யா’ வந்தால் முடிந்தது. பனி பூத்த வெறும் சுவர், அதில் அட்மிரால் இருக்கிறது என்றால், மேல்மாடிதான். மாதாவே, தாயே, அந்த ஒரு சொல் மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டேன். நேவிக்குப் பயந்து படகில் படுத்துக் கிடந்தபோதும் நான் அப்படிக் கும்பிட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

கிழவி முற்றத்தைப் பார்த்தார். ஆறுதலாக, சுவரின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை பார்த்தார். பிறகு வைத்தியரைப் பார்த்தார். இவ்வளவு படித்தும் இது தெரியாதா என்ற பார்வை.

“விசர்க்கதை,” என்றார். டொச்சில் அதற்கு நல்ல ஒரு சொல் இருக்கிறது, ‘க்வாட்ஷ்’. வாய் நிறைய, தெளிவாக வந்தது. பிறகு நடுங்குவதுபோலத் தோளைக் குறுக்கிக் காட்டி, “குளிர்,” என்றார்.

வைத்தியர் பெரிதாகச் சிரித்தார். இல்லாததைக் காண்கிறவருக்குக் குளிர் எங்கே தெரியப்போகிறது, பேய் உறைபனிக்குப் பயந்து வராமல் நிற்குமா என்று பெரிய ஷ்வெஸ்டரிடம் கேட்டார். இவருக்குப் பேச்சில்தான் கோளாறு, புத்தியில் இல்லை என்றார். ஒரு கோட்டைக் கதவுக்குப் பக்கத்தில் கொழுவி விடுங்கள், ஒரு நல்ல சப்பாத்தும் வையுங்கள், அது போதும் என்றார். அன்று பின்னேரமே கதவடியில் கோட்டுக்கு ஆணி அடித்தது பெரிய ஷ்வெஸ்டர்தான். நான் கண்டேன்.

மகள் எழுந்து என்னிடம் வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்த பெண்ணின் முகத்துக்கு நேரே, புருஷன் இல்லை, பூச்சி என்று சொன்னவள் அல்லவா நான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எந்த இடத்தில் இருந்தது? எனக்குக் காட்டுங்கள்,” என்றார். வெளியே கூட்டிப்போய்ச் செங்கல்லைத் தொட்டுக் காட்டினேன். அவரும் தொட்டார். இந்த நாட்டுக்கு வந்து அவ்வளவு காலத்தில், நான் சொன்ன ஒன்றை ஒருவர் வந்து கையால் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த அட்மிராலை நான் மறுபடி காணவில்லை. குளிரில் செத்ததோ, கொடிக்குள் ஒளிந்து தப்பியதோ தெரியாது. கிழவி அந்தக் கோடை முழுக்க நினைத்த நேரம் கதவைத் திறந்தார், நினைத்த நேரம் வெளியே போனார், கூப்பிட வந்தவர்களை எல்லாம் வாயாரத் திட்டினார். இலை கொட்டும் காலத்தில் ஒரு பின்னேரம் போய்ச் சேர்ந்தார். தன் கட்டிலில், கடைசி அறையில், கண்ணாடிக் கதவு திறந்து கிடக்க. மேல்மாடியில் இல்லை.